சித்தாள் என்ற பெயருக்கு எவ்வளவு கூலி?



கட்டட வேலை நடக்கிற இடத்தில் இரண்டு சொற்களைக் கேட்டிருப்பீர்கள். பெரியாள், சித்தாள். எங்கள் மொரப்பூர் பக்கம் இருபது வயதுப் பையன் முதல் நாள் வேலைக்கு வந்தாலும் பெரியாள்தான். இருபது வருடம் கலவை சுமந்த என் அம்மா கடைசி நாள் வரைக்கும் சித்தாள். சிறிய ஆள் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஆள் சிறிது என்று ஆன பிறகு, கூலி ஏன் சிறிது என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நானும் போவேன். மணல் சலிப்பது, தண்ணீர் சுமப்பது, கலவைச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரம் ஏறுவது எல்லாம் அம்மா. கீழே நின்று சட்டியை நிரப்பித் தூக்கி விடுபவர் பெரியாள். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது அவர் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே அம்மா கைக்கு வரும். "ஏன் மேஸ்திரி இப்படி?" என்று கேட்டால், "சித்தாள் கூலி அவ்வளவுதாம்மா" என்பார். அதில் கோபமோ ஏளனமோ இருக்காது. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலச் சொல்வார்.

இந்த அநியாயத்துக்கு எதிராகச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சமவேலைக்குச் சமஊதியம் என்கிறது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கும், ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே ஊதியம் தர வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு அது 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் இந்தச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது முதலாளிகளுக்குத் தெரியும்.

வயலில் ஏர் ஓட்டுவதும் மருந்து அடிப்பதும் ஆண் வேலை. நடவும் களையெடுப்பும் பெண் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவளுக்குத்தான் கூலி குறைவு. புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலைக்கு நாள் கணக்கே கிடையாது, கிலோ கணக்குதான். மொரப்பூரில் ரயில் ஏறித் திருப்பூருக்குப் போனாலும் இதே கதை. கட்டிங், அயர்ன் என்றால் பெரும்பாலும் ஆண்கள். கைமடி, செக்கிங் என்றால் பெண்கள். எதற்குக் கூலி குறைவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெயரை மாற்றி ஏமாற்றுவதை நீதிமன்றம் ஒருமுறை நேராகவே பார்த்தது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனம் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவான சம்பளம் கொடுத்தது. ஆட்ரி டி'கோஸ்டா என்ற பெண் வழக்குப் போட்டார். இவர்கள் அதிகாரிகளோடு வேலை பார்க்கும் 'அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்கள்', தனி வகை என்று வாதாடியது நிறுவனம். 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதவிப் பெயரை விட்டுவிட்டு, உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்தது. சமமாகக் கொடுக்கப் பணமில்லை என்ற சாக்கும் செல்லாது என்றது.

சாதியை அறிந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். பறையடிப்பவர், தோட்டி, வெட்டியான் என்று பெயரை வைத்து மனிதருக்கு விலை போட்ட சமூகம், சித்தாள் என்ற பெயரை வைத்துப் பெண்ணுக்கு விலை போடுகிறது. தலித் பெண்ணுக்கு இந்த இரண்டு கழிவும் சேர்ந்து விழுகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் தெரு ஆண்களும் பெரியாள் கூலியை வாங்கும்போது பக்கத்தில் நிற்கிற பெண்ணின் கூலியைக் கேட்பதில்லை.

பெயர் ஒன்றானால் என்ன நடக்கும் என்பதற்கு நூறு நாள் வேலை சாட்சி. 2005 சட்டப்படி ஏரியில் மண் வெட்டிய ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். "நூறு நாள் வேலை வந்ததும் களையெடுக்க ஆளே கிடைக்கல" என்று நிலக்காரர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கொடுத்துவந்த கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே உண்மை. முதன்முறையாக எங்கள் அம்மாக்களால் 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது.

இப்போது காலம் இன்னும் மாறுகிறது. அரசின் உழைப்புக் கணக்கெடுப்புப்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். கூடியவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். அவர்களில் பலர் குடும்ப நிலத்திலோ கடையிலோ கூலியே இல்லாமல் உழைப்பவர்கள். மறுபக்கம், கம்பெனி வேன்கள் நம் தங்கைகளை ஓசூர்ப் பக்கம் ஏற்றிப் போகின்றன. போச்சம்பள்ளி மின் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். மாதச் சம்பளமும் சொந்த வங்கிக் கணக்கும் சின்ன விஷயமல்ல, வரவேற்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்கள் மட்டுமே நிற்கிற வரிசையில், 'அவனுக்கு எவ்வளவு?' என்று ஒப்பிட்டுக் கேட்க ஆணே இருக்க மாட்டான். அங்கே சம ஊதியச் சட்டத்தை மட்டும் நம்ப முடியாது. சங்கம்தான் வேண்டும்.

படித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எம்.ஏ. சமூகவியல் முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். என் பதவி களப்பணியாளர். என்னோடு சேர்ந்த ஆண் தோழர் ஒருங்கிணைப்பாளர். இருவருக்கும் அதே கிராமங்கள், அதே கூட்டங்கள். அறிக்கை எழுதுவது நான். சம்பளம் மட்டும் வேறு. காரணம் கேட்டேன். "அவர் ராத்திரியிலும் பைக்கில் போவார்" என்றார்கள். எனக்கும் ஓட்டத் தெரியும், வண்டி கொடுங்கள் என்றேன். அடுத்த ஆண்டு பதவிப் பெயரை மாற்றினார்கள், சம்பளத்தைப் பாதிதான் ஏற்றினார்கள். அங்கிருந்து வெளியேறினேன்.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் வேலை நடக்கிற ஒரு இடத்துக்கு நோட்டோடு போங்கள். மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் வேலையின் பெயர். இரண்டாவதில் அந்த ஆள் காலை முதல் மாலை வரை உண்மையில் செய்தது. மூன்றாவதில் கைக்கு வந்த கூலி. ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் பத்தி ஒத்துப்போய் மூன்றாம் பத்தி வேறுபட்டால் அதுதான் நம் ஆதாரம். அந்தப் பெண்களைக் கூட்டி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தொழிலாளர் துறைக்கு மனு எழுதுவது அதற்கு அப்புறம்.

ஜெய் பீம்.