பொதிகைக்கு எந்தப் பக்கம் வழி?

எங்கள் வீராம்பட்டினத்தில் மலை கிடையாது. கிழக்கே கடல், ஊரில் உயரம் என்றால் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மனுக்கு நிற்கும் தேர்தான். பொதிகையை நான் பார்த்ததெல்லாம் ஏட்டில். ஆய் அண்டிரனின் மலை, அகத்தியரின் மலை என்று வருடா வருடம் வகுப்பில் சொல்லிவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஏறிப் பார்க்கத் தோன்றியது.

போய்வந்த ஆண் நண்பர்களிடம் கேட்டேன். எந்தப் பக்கம் ஏறலாம், பாறை எவ்வளவு செங்குத்து, கயிறு கட்டியிருக்கிறதா? "வீட்ல யாரு கூட வர்றாங்க?" என்றார் ஒருவர். "அந்த மூணு நாள் வந்துட்டா?" என்றார் இன்னொருவர். அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் போகக் கூடாது என்றவர் தமிழ்ப் பேராசிரியர். லோபாமுத்திரை யாருடைய மனைவியோ!

கடைசியில் ஏற்கெனவே ஏறிய பழைய மாணவி ஒருத்திதான் வழி சொன்னாள். "பாபநாசம் பக்கம் வேண்டாம் மேடம், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். திருவனந்தபுரம் போய், விதுரா வழியா போனக்காடு. கேரள வனத்துறை ஜனவரி வாக்கில் அனுமதி கொடுக்கும், உடனே பதிஞ்சிடுங்க. முதல் நாள் காட்டு நடை, ராத்திரி அதிருமலை முகாம். மறுநாள் பொங்காலப்பாறை தாண்டினா வெறும் பாறை. கயிறு இருக்கும். ஆனா கையை நம்பாதீங்க, காலை நம்புங்க." உச்சி 1,868 மீட்டர்.

அந்த உச்சிக்கு வனத்துறையின் மலையேற்றத்தில் பெண்களை விட்டதே கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் சொன்ன பிறகுதான். 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். அடிவாரத்தில் காணி மக்கள் எதிர்த்தார்கள். காணிப் பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. மலை அவர்களுடையது. ஆனால் அதுவரை ஆண்டுதோறும் ஏறிய வெளியூர் ஆண்கள், காணிகளின் மனம் புண்படுமா என்று எப்போதாவது கேட்டார்களா? பெண் வரும்போது மட்டும் நினைவுக்கு வரும் மரியாதையை நான் நம்புவதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். காலமெல்லாம் மீன்கூடை சுமந்தவள். படகில் கடலுக்குப் போனதில்லை, எங்கள் பக்கம் பெண்கள் போவதில்லை. "கடலுக்குத்தான் உடல, மலைக்காவது போ. முட்டிக்குத் தைலம் எடுத்துக்க" என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறிப் பழகுகிறேன். சுமார் 800 அடி. பாதிப் படியில் யாராவது, "தனியாவா வந்தீங்க?" என்கிறார்கள். தண்ணீர் குடித்துவிட்டு ஏறுகிறேன்.