அம்மம்மாவின் நிறம்

எங்கள் அம்மம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. அவருடைய இளமைக் காலத்துப் படம் ஒன்றேனும் எங்கள் வீட்டில் இல்லை. இருந்தவையெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, அந்தப் பெட்டி கையில் அகப்படவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுச் சுவர்கள் நின்றன, பெட்டி இல்லை.

ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் திருமணத்துக்குப் பட்டணத்திலிருந்து வீடியோ எடுப்பவரை அழைத்தபோது, மணமக்களைவிட அம்மம்மாவைத்தான் நன்றாக எடுக்கவேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அவரும் எடுத்தார். ஒரு மாதம் கழித்து எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். மணமகள் வெள்ளை, மணமகன் வெள்ளை, அடுப்படியில் புகைக்குள் நின்ற பெரியம்மாவுங்கூட வெள்ளை! அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நான் எங்க, மகன்?” என்று கேட்டார். மணமக்களுக்கு அறுகரிசி தூவிக்கொண்டிருந்த உருவத்தைக் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது ஆரோ வேற மனிசி” என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. கமரா வாங்கும் எண்ணம் அன்றுதான் எனக்குள் விழுந்தது. ஈராண்டு சீட்டுக் கட்டி, ஒருவர் பாவித்து விற்ற கமரா ஒன்றை வாங்கினேன். அவுஸ்திரேலியாவின் பிளக்மேஜிக் நிறுவனம் 2018இல் வெளியிட்ட பொக்கற் சினிமா கமரா 4கே என்பது அதன் பெயர். பெயரில் பொக்கற் என்றிருந்தாலும், எந்தச் சட்டைப் பையிலும் அது அடங்காது என்பது வேறு கதை.

முதல் நாள் எடுத்த படத்தைக் கணினியில் பார்த்துத் திடுக்கிட்டேன். வானமும் வயலும் மனிதரும் சாம்பல் பூசியதுபோல வெளிறிக் கிடந்தன. கமரா பழுது என்றே நினைத்தேன். பழுது அன்று, அதை ‘ஃபில்ம்’ என்னும் அமைப்பில் வைத்து எடுத்திருக்கிறேன். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சாதாரண வீடியோ என்பது சமைத்த சோறு. ஒளி எவ்வளவு, நிறம் எவ்வளவு என்பதையெல்லாம் கமராவே முடிவு செய்து, உண்ணத் தக்கதாகத் தந்துவிடுகிறது. ‘லொக்’ என்று சொல்லப்படும் இந்த வெளிறிய படமோ நெல். உண்ண முடியாது, ஆனால் குத்தலாம், அவிக்கலாம், வேண்டியபடி ஆக்கலாம். சோற்றைத் திரும்ப நெல்லாக்க யாரால் முடியும்? மாணவர்களுக்காக ஒரு கணக்கும் சொல்கிறேன். நாம் வழக்கமாகப் பார்க்கும் எட்டு பிற் வீடியோவில், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உண்டு. இந்தக் கமராவின் பன்னிரண்டு பிற் பதிவிலே 4,096 படிகள். ஒரு கன்னத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழற் பக்கத்துக்கும் இடையே எத்தனை நுண்மை அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நெல்லைக் குத்தும் வேலைக்கு ‘லட்’ என்ற ஒன்று உண்டு. இந்த நிறம் வந்தால் அந்த நிறமாகக் காட்டு என்று சொல்லும் அட்டவணை அது. பக்கத்துக்கு 33 புள்ளி கொண்ட கனசதுரம் ஒன்றில் 35,937 கட்டளைகள் இருக்கும். சினிமாப் படம்போல ஆக்கும் என்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கிக் கமராவில் ஏற்றினேன். நிழலெல்லாம் நீலமும் முகமெல்லாம் செம்மஞ்சளுமாக மாறின. எனக்கோ பெருமை தாங்கவில்லை. மார்கழி மழை ஓய்ந்த ஒரு நாள், எங்கள் வயலை அப்படியே எடுத்து அம்மம்மாவுக்குக் காட்டினேன். அவர் தலையை அசைத்து, “இந்தப் பயிருக்கு யூரியா காணாது. மாமாவிட்டச் சொல்லு” என்றார்!

சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நெற்பயிரின் பச்சையைப் பார்த்துப் பசளை சொல்பவர் அவர். மாமா வயலுக்குக் கொண்டுபோகும் இலை நிற அட்டையை எடுத்துப் பார்த்தேன். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை பட்டைகள் கொண்ட சிறு பிளாஸ்ரிக் சட்டம். இலையை அதனுடன் ஒப்பிட்டுத் தழைச்சத்துப் போதுமா, போதாதா என்று அறிவார்கள். இதைப் பாவிக்க ஒரு முறை உண்டு: வெயில் இலையில் நேரே படக்கூடாது, உடம்பின் நிழலை அதன்மேல் விழுத்திப் பார்க்கவேண்டும், நாளுக்கு நாள் ஒரே நேரத்தில், ஒருவரே பார்க்கவேண்டும். கமராக்காரர் பாவிக்கும் 24 கட்ட நிற அட்டைக்கும் ஏறக்குறைய இதே நியாயந்தான். அதையும் கண்டபடி நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் பிடித்தால் பயனில்லை. எனக்கு இதைக் கற்பிக்க இணையம் எதற்கு? எங்கள் வரம்பிலேயே பாடம் இருந்தது.

ஆனால் முகத்துக்கு அட்டை எது? அதைத் தேடியபோதுதான் ஒரு பழைய வரலாறு தெரியவந்தது. ஃபில்ம் சுருள் காலத்தில், கொடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதிலிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷேர்லி அட்டை’ என்பார்கள். அவளுடைய முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! கருமுகங்கள் இருட்டில் அமிழ்ந்தன. சொக்கலேற் செய்வோரும் மரத் தளபாடம் செய்வோரும், தங்கள் பொருள்களின் கபில நிறங்கள் படத்தில் வேறுபட்டுத் தெரியவில்லை என்று முறையிட்ட பின்னரே சுருளைத் திருத்தும் முயற்சி வேகம் பெற்றதாக, மொன்றியலைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ரொத் எழுதியிருக்கிறார். மனிதர் முகத்துக்கு இல்லாத வழக்குரைஞர் சொக்கலேற்றுக்கு இருந்தார் போலும்.

எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே, மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா, சுருள் காலத்திலேதான், இயற்கை ஒளியை வைத்துக்கொண்டு, மாநிற முகங்களை அவற்றின் அழகோடு காட்டினார். ஆகவே முழுப் பழியையும் கருவியின்மேல் போடுவதற்கில்லை.

என் கமராவில் ‘பொய்நிறம்’ என்று சொல்லத்தக்க ஒரு வசதி உண்டு. ஒளியின் அளவுக்கேற்பத் திரையில் உருவங்களுக்கு வேறு நிறங்களைப் பூசிக் காட்டும். மிகையான ஒளி பட்ட இடம் சிவப்பாகும். வெளிர்ந்த முகத்துக்கு இளஞ்சிவப்பும், கருமையான முகத்துக்குப் பச்சையும் உரிய அளவு என்று அதன் கைந்நூல் சொல்கிறது. இதைப் படித்தபோது திருமண வீடியோவின் குற்றம் பளிச்சென்று விளங்கியது. அம்மம்மாவின் முகத்தைப் பச்சையில் நிறுத்தவேண்டிய இடத்தில், எல்லாரையும் ஏற்றி ஏற்றி வெளுக்க வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் அறிந்தேன். நிறத்தின் சாயலை வட்டமாகக் காட்டும் அளவியிலே வெள்ளையர் முகமும் நம் முகமும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் விழுகின்றன. வேறுபாடு பெரும்பாலும் ஒளியின் அளவிலே, சாயலில் அன்று.

அதன்பின் மெல்ல மெல்ல அமைப்புகளைத் திருத்தினேன். வெள்ளைச் சமநிலையைக் கமராவின் விருப்பத்துக்கு விடுவதை நிறுத்தினேன். விட்டால், அது குத்துவிளக்கின் மஞ்சளையும் வெள்ளையாக்கப் பார்க்கும். பகலில் 5,600 கெல்வினில் நிறுத்தி, விளக்கின் முன்னால் எடுத்தாலும் அதிகம் இறக்காமல், மஞ்சளை மஞ்சளாகவே விட்டேன். வயலில் வேறு தொல்லை. சுற்றிலும் பயிர் நிற்க, அதிற் பட்டுத் தெறிக்கும் ஒளி, நிற்பவரின் தாடைக்கு அடியிலே பச்சையைப் பூசிவிடும். ‘ரின்ற்’ என்னும் அமைப்பைச் சிறிதளவு கத்தரிப்பூப் பக்கம் தள்ளினால் அது அடங்கும். அதிகம் தள்ளினால் பயிருக்கு மறுபடியும் யூரியா போதாமற் போகும்! இரண்டுக்கும் நடுவே இடம் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் சென்றது. இறக்கிய லட்டை அழித்து, நானே ஒன்று செய்தேன். கையிலே மாமாவின் அட்டை; அருகிலே அம்மம்மாவின் கண். எல்லாவற்றையும் சேர்த்து அவர் பெயரிலேயே கமராவில் சேமித்து வைத்திருக்கிறேன்.

ஒரு பின்னேரம், மழை முகில் வெயிலை மெல்லியதாக்கியிருந்த வேளையில், வரம்பில் அவரை இருத்தி எடுத்தேன். பொய்நிறத் திரையில் முகம் பச்சையாக வந்ததும் பொத்தானை அமர்த்தினேன். இரவு, எல்லோரும் சூழ்ந்திருக்கப் போட்டுக் காட்டினேன். அம்மம்மா முதலில் தம்மைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்த வயலைப் பார்த்து, “பயிர் நல்லாயிருக்கு” என்றார். பிறகு திரைக்குக் கிட்டப்போய், தம் மூக்கருகிலிருந்த மச்சத்தின்மேல் விரலை வைத்தார். திருமண வீடியோவில் அந்த மச்சம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

“இது என்ட அம்மாக்கும் இருந்தது. இந்த இடத்திலதான்” என்றார். அம்மா வாய் திறக்கவில்லை. பூட்டியின் முகம் எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

“இன்னொருக்காப் போடு, மகன்” என்றார் அம்மம்மா.