நானும் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2025 செப்டம்பர் 27 அன்று, கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடிகரும் தவெக தலைவருமான விஜய்யின் பிரச்சாரக் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 27 அன்று, அந்தக் குடும்பங்களை வரவழைத்து அவர் சந்தித்தது எங்கள் மாமல்லபுரத்தில், ஒரு தனியார் விடுதியில்.

அன்று எனக்கு போன் மேல் போன். "சார், உங்க ஊர்லதானே? நிஜமாவே மன்னிப்பு கேட்டாரா?" டீக்கடையில் கேட்டது, வாட்ஸப்பில் வந்த அரை நிமிட வீடியோ, இரவு டிவி விவாதம் மூன்றையும் கலந்து, 'இது மன்னிப்பு இல்லை, நடிப்பு' என்று இங்கே எழுதிவிட்டேன். நிறைய பேர் லைக் போட்டீர்கள்.

மறுநாள், கரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பழைய மாணவி கூப்பிட்டாள். "எங்க தெருவுலயும் ஒரு வீட்ல இழப்பு சார். அவங்க உங்க பதிவைப் படிச்சாங்க. நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களா சார்?"

நான் விடுதி வாசலைக்கூடப் பார்க்கவில்லை. 'யார் சொன்னது? நேரில் கண்டவரா? முழுசாகச் சொன்னாரா?' என்று வரலாற்று வகுப்பில் உங்களை நச்சரித்தவன் நான்.

பிறகுதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதலில், அவர் வாயாலேயே சொன்னது. செப்டம்பர் 30 வீடியோவை வெட்டாமல் முழுக்கப் பார்த்தேன். தன் வலியைப் பற்றியும் பேசுகிறார், முதல்வரை நோக்கியும் பேசுகிறார். எனக்கு வந்த துண்டுகளில் ஏதாவது ஒன்றுதான் இருந்தது.

அடுத்து, அறைக்குள் இருந்தவர்கள். பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. ஆகவே சாட்சி அந்தக் குடும்பங்கள்தான். கரூருக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிப்பு கேட்டார் என்று அவர்கள் வெளியே வந்து சொன்னதாகச் செய்திகள் வந்தன. எதற்காகக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். வராததற்கு மன்னிப்பு என்பது வேறு, சாவுகளுக்குப் பொறுப்பு என்பது வேறு.

அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை எந்த மன்னிப்பை வைத்தும் முடிவு செய்ய முடியாது. அதற்குத்தான் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 13 அன்று சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. கட்சிக்காரர்கள் பேச்சிலிருந்து, எந்தக் கட்சியானாலும், அவர்கள் வாதம் என்ன என்பது மட்டுமே தெரியும்.

அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு உங்களை அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? மேலே ஒற்றைக் காலில் கைதூக்கி நிற்கும் தவசி. கீழே அதே மாதிரி கைதூக்கி நிற்கும் பூனை, சுற்றிலும் எலிகள். நிற்கிற தோரணையை வைத்து எது தவம், எது வேஷம் என்று சொல்ல முடியாது. பிறகு எலிகளுக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

என் பதிவை நீக்கினேன். அந்த மாணவிக்கு போன் செய்து, பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதியது தப்பு என்றேன்.

'பரவாயில்ல சார்' என்று அவள் சொல்லவில்லை. "சரிங்க சார், அவங்ககிட்ட சொல்றேன்" என்றாள். என் மன்னிப்பு போதுமா என்று சொல்ல வேண்டியதும் அந்த வீட்டார்தான்.