பழைய கூத்தும் புதிய கூத்தரும்

ஒரு கலை உருமாறிய பின்னர் அதன் பழைய வடிவத்தை மீட்க வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பே. அக்குரல் பெரும்பாலும் பார்ப்போரிடமிருந்தும் ஆராய்வோரிடமிருந்தும் எழுகின்றது. ஆடுவோர் அதனை விரும்புகின்றனரா என்ற வினாவோ அரிதாகவே கேட்கப்படுகின்றது. சப்ரகமுவத் தோட்டங்களின் காமன் கூத்தைப் பொறுத்தவரை இவ்வினா தட்டிக்கழிக்க இயலாததொன்றாகும்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் நாட்டிக் காப்புக் கட்டுவதுடன் காமன் கூத்துத் தொடங்குவது பழைய முறை. இரதியும் மன்மதனும் வேடம் புனைந்து லயங்களுக்குச் சென்று வாசல்தோறும் ஆடுவர். பௌர்ணமியை ஒட்டி, சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரிக்கப்படுவான்; இரதி புலம்புவாள்; அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு அவன் மீண்டும் உயிர்பெறுவான். வேடம் தாங்குவோர் விரதம் காப்பர். இங்கு தோட்டமே அரங்கு. பார்ப்போர் என்று தனியே ஒரு கூட்டம் இல்லை.

இப்பழைய முறைக்கு வேண்டியது ஆட்பலமும் பல நாள் ஓய்வுமாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இரண்டுமே குன்றின. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் பலர் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் பெயர்ந்தனர். எஞ்சியோரின் பிள்ளைகள் இன்று கொழும்புக்குத் தொழில் தேடிச் செல்கின்றனர். ஆகவே, பல நாள் கூத்து ஓரிரவுக்குள் ஒடுங்குவதும், விழா மேடைகளில் அதனினும் குறுகுவதும் வியப்புக்குரியன அல்ல.

கூத்தைச் சுருக்குவது தன்னளவிற் குற்றமன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில், விடிய விடிய ஆடப்பட்ட கூத்துகளை ஏறத்தாழ ஒன்றரை மணிநேர மேடை வடிவுக்குள் கொணர்ந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன அவ்வாறு உருப்பெற்றவை. அம்முயற்சியாலேயே படித்தோர் கூத்தை மதிக்கத் தலைப்பட்டனர். எனினும் மேடைக்குரிய வடிவம் ஊருக்குரிய வடிவத்தின் இடத்தை நிரப்பிவிடும் என்று கொள்வதற்கில்லை.

பாத்திரம் தாங்கி ஆடுவோர் பழைய வடிவத்தில் எதனைத் தேடுகின்றனர் என்பதற்கு மேலைநாட்டு மேசை விளையாட்டு ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அவ்விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அது செய்வதை வாயாற் கூறுவர். ஒருவர் கதையை நடத்துவார். ஐயமான செயல்களின் பலனைக் காய் உருட்டித் தீர்ப்பர். அதன் விதிநூல் பலமுறை திருத்தப்பட்டது. 2000இலும் 2008இலும் பெரிதும் மாறிய பதிப்புகள் வந்தன. பழையதில் நாட்டமுற்றோர் 2006இல் முதற்பதிப்பின் விதிகளைத் தாமே மீள எழுதி வெளியிட்டனர். 2012இல் வெளியீட்டு நிறுவனமும் அப்பழைய நூல்களை மறுபடி அச்சிட்டது. ஆயினும் பழைய விதி ஒவ்வொன்றையும் அவர்கள் போற்றினர் அல்லர். விதி கூறாது விட்ட இடத்தில் ஆடுவோர் தம் அறிவால் முடிவு செய்யும் உரிமையையே அவர்களுட் பலர் பெரிதாக மதித்தனர்.

தோட்டத்து இளைஞனின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. தந்தை இரதி வேடமிட்ட தோட்டத்தில் பிறந்து, கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவனுக்குப் பௌர்ணமி விடுமுறை கிடைத்தாலும் இரண்டு வாரம் கிடையாது. தோட்டத்தில் தங்கிவிட்ட அவன் தமையனோ விடியற்காலையில் இறப்பர்ப் பால் வெட்டப் போக வேண்டியவன். மாசியில் இறப்பர் இலையுதிர்ந்து பால் குறையும் என்பது சிறிது ஆறுதல். ஆனால் பால் குறைந்தால் வருமானமும் குறையும். இவர்களிடம் பழைய முறையை முழுமையாக மீட்டுத் தருமாறு கேட்பது எளிது. இழக்கும் நாட்சம்பளத்துக்கு விடை கூறுவது எளிதன்று.

இதனினும் கடினமான தடையொன்று உண்டு. பழைய முறையோடு சாதியும் வந்தது. தப்பு இன்றிக் காமன் கூத்து இல்லை. ஆயினும் தப்படிப்பது ஒரு சாதியின் கடமையாகக் கருதப்பட்டது. கூத்து முழுவதற்கும் உயிரூட்டிய கைகளுக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை. பெண்ணின் துயரைப் பாடும் இரதி வேடமும் ஆணுக்கே உரியதாயிற்று. தப்படித்தவரின் பேரன் பழையது மீளட்டும் என்று கூறத் தயங்குவானாயின், அதனைக் கலையார்வக் குறைவு என்று கொள்ளுதல் தகாது. தப்பின் தாளத்தை அவன் வெறுக்கவில்லை. அதனோடு பிணைந்த இழிவையே வெறுக்கின்றான்.

ஆகவே, வேண்டும் அல்லது வேண்டாம் என்னும் ஒரு சொல்லில் இவ்வினாவுக்கு விடையில்லை. வாசல்தோறும் சென்று ஆடும் உறவு வேண்டும். மேடைக் கடிகாரத்துக்கு அஞ்சாது புலம்பலை நீட்டிப் பாடும் உரிமை வேண்டும். விரும்பியவர் எவராயினும் தப்பெடுக்கவும் வேடம் புனையவும் வழி வேண்டும். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் ஆடுவோரே. பல்கலைக்கழகத்தார் பாடல்களைப் பதிவு செய்யலாம். கேட்டபோது திருப்பிக் கொடுக்கலாம். கம்பம் நாட்டும் நாளைக் குறிக்கும் உரிமை தோட்டத்தாருக்கே உரியது.