மணிக்கு என்ன பயம்?

"நாய்க்கு ஏதுடா நம்பிக்கை?" என்பது அக்காவின் கட்சி. மலர் மருந்தை நம்புகிறவர்கள் கடைசியாக எடுத்து வீசுகிற அஸ்திரமும் அதுதான். மனுஷனுக்குக் குணமானால் மனப்பிராந்தி என்று தள்ளிவிடலாம். "அது பாட்டுக்குத் தண்ணியக் குடிக்குது. அதுல நாலு சொட்டு விட்டிருக்கேன்னு அதுக்குத் தெரியுமா? பெறகு எப்படி அடங்குது?"

மதுரையில் அக்கா வீட்டு மணி, செவலை நிற நாட்டு நாய். வருஷம் முழுக்கத் தெருவையே மிரட்டுகிறவன், தீபாவளி வந்தால் கட்டிலுக்கடியில் புகுந்து, காதை மடக்கி, எச்சில் ஒழுக நடுங்குவான். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று 2018 முதல் இங்கே விதி இருக்கிறது. எங்கள் தெருப் பையன்கள் யாரும் கடிகாரம் பார்த்து வெடிப்பதாகத் தெரியவில்லை.

அக்கா வாங்குவது 'ரெஸ்க்யூ ரெமடி'. ஐந்து மலர்ச் சாரங்களின் கலவை. ஹோமியோபதி கடைக்காரர் மனிதர்களுக்கு என்றால் சீனி உருண்டைகளில் சொட்டி, குப்பியைக் குலுக்கிக் கொடுப்பார். நாய்க்கு என்றால் சொட்டாகவே தருவார். மூடியைத் திறந்தால் பூ வாசனை எதுவும் வராது, பிராந்தி வாடைதான் வரும். ஐந்தில் ஒன்றான இம்பேஷன்ஸ், இமயமலையிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் ஆற்றங்கரையெல்லாம் மண்டிக்கிடக்கும் செடி. நம் கொல்லைக் காசித்தும்பைக்குப் பங்காளி முறை.

இந்த மலர் மருத்துவத்தைக் கண்டுபிடித்த எட்வர்ட் பாச் (1886–1936) முறையாக மருத்துவம் படித்தவர், நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1930இல் லண்டன் தொழிலை உதறிவிட்டு வயல்வெளிகளில் பூத்தேடப் போனார். ஊற்றுநீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் பூக்களை மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பது ஒரு முறை. மரப்பூ, குச்சி வகைகளை அரை மணி நேரம் கொதிக்கவைப்பது இன்னொன்று. வடிகட்டிய நீரில் சரிபாதி பிராந்தி. அதில் இரண்டு சொட்டை 30 மில்லி பிராந்தியில் கலந்தால் கடைக் குப்பி. அதிலிருந்து சில சொட்டுகள் மணியின் தண்ணீர்ச் சட்டிக்கு. இத்தனை கை மாறியபின் பூவில் என்ன மிஞ்சும் என்பது சாதாரணக் கணக்கு. மனிதர்களிடம் நடந்த முறையான சோதனைகளிலும் வெறும் சொட்டைவிட இது மேலானது என்று நிலைநாட்டப்படவில்லை.

சரி, அக்காவின் கேள்விக்கு என்ன பதில்? நாய்க்கு நம்பிக்கை இல்லைதான். ஆனால் 'அடங்கிட்டான்' என்று சாட்சி சொல்வது நாய் இல்லையே! மூட்டுவாதத்தில் நொண்டும் நாய்களைப் பற்றி 2012இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்ற நாய்கள் அவை. கால் தரையில் எவ்வளவு அழுந்துகிறது என்று அளக்கும் கருவி ஒரு மாற்றமும் இல்லை என்று காட்டிய நாய்களையும், வளர்ப்பவர்களில் பலர் நன்றாக நடப்பதாகச் சொன்னார்கள். கால்நடை மருத்துவர்களும் அந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. இன்னொன்று, பயம் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் குப்பியைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் போனது எப்படியும் இறங்கத்தான் வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் எந்த மருந்தும் வேலை செய்யும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் பாச்சின் பட்டியலை என்னால் கேலி செய்ய முடிவதில்லை. மொத்தம் 38 மருந்துகள். நோய் என்ன என்று அவர் கேட்பதில்லை, ஆள் எப்படிப்பட்டவர் என்றுதான் கேட்கிறார். காரணம் தெரிந்த பயத்துக்கு மிமுலஸ். எதற்கென்றே தெரியாத கலக்கத்துக்கு ஆஸ்பன். வீடு மாறியதற்கு வால்நட். பழைய வீட்டையே நினைத்து ஏங்குவதற்கு ஹனிசக்கிள். விலங்குகளுக்குக் கொடுப்பவர்களும் இதே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஆக, குப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முதலில் நாயைப் பார்த்தாக வேண்டும். டாக்டரிடம் 'பயப்படுது சார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும் நமக்கு இது புதுப் பழக்கம்.

அக்கா பார்த்தாள். மிமுலஸா ஆஸ்பனா என்று முடிவு செய்ய, திண்ணையில் உட்கார்ந்து மணியையே கவனித்தாள். வெடிச் சத்தத்துக்கு முன்னாலேயே அவன் ஓடுவதைக் கண்டுபிடித்தது அப்போதுதான். வாசலில் யாராவது ஊதுபத்தியைக் கொளுத்தினால் போதும், வால் உள்ளே போய்விடும். அதே ஊதுபத்தி பூஜை அறையில் தினமும் எரிகிறது, அவன் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவான். வாசற்படி, தீப்பெட்டி, ஊதுபத்தி மூன்றும் சேர்ந்தால்தான் அவனுக்கு வெடி. "காரணம் தெரிஞ்ச பயம்டா இது, மிமுலஸ்தான்" என்று தீர்ப்பளித்தாள். எனக்கு மிமுலஸில் அக்கறையில்லை. ஊதுபத்திதான் பெரிய துப்பு.

அவளிடம் நான் சண்டை போடுவது ஒரே விஷயத்துக்கு. பக்கத்து வீட்டு ஆண் பூனை இரண்டு நாளாக ஒளிந்துகொள்கிறது, தொட்டால் சீறுகிறது, மணல் தட்டில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், "வீட்டுக்குப் புதுசா மருமக வந்திருக்கால்ல, அந்தக் கோபம், ஹாலி குடுக்கலாம்" என்றாள். ஆண் பூனைக்கு மூத்திரப்பாதை அடைத்தாலும் இதே கோலம்தான். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அடைப்புதான், குழாய் போட்டு எடுத்தார்கள். மிருகங்களின் மனசு என்று நாம் படிப்பதில் பாதி வலி. வெடிப் பயத்துக்கும் இப்போது கால்நடை மருத்துவர்கள் தரக்கூடிய நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பயம் அப்படியே இருக்க உடம்பை மட்டும் கட்டிப்போடுகிற பழைய மயக்க மாத்திரையை நான் சொல்லவில்லை.

மணிக்கு ஆவணியிலேயே பாடம் ஆரம்பமாகிவிட்டது. வெடி கிடையாது. வாசலில் ஊதுபத்தி கொளுத்தப்படும், உடனே ஒரு துண்டு கருவாடு. முதலில் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தான். இப்போது தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டால் நடைவரைக்கும் வந்து நிற்கிறான், வால் இன்னும் பாதிதான் ஆடுகிறது. தண்ணீர்ச் சட்டியில் சொட்டு மருந்தும் தொடர்கிறது, அதை நான் தடுப்பதில்லை. தடுப்பவர் அத்தான்தான், அதுவும் கருவாட்டை. "புரட்டாசி பொறக்கப்போகுது, வாசல்ல கருவாடு மணக்குது, தெருவுல தலை காட்ட முடியல" என்று தினமும் ஒரு பாட்டம் கத்துகிறார். அக்கா அசரவில்லை. அவருக்கு எந்தப் பூ பொருந்தும் என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.