கூடத்தில் கிடக்கும் மோட்டார்

போத்தனூரில் நமது வீட்டுக் கிணற்று மோட்டார் சென்ற வெள்ளிக்கிழமை நின்றுபோயிற்று. மிஸ்திரியை அழைத்து வருவதற்குள் நம் புத்திரன் அதை அக்கக்காகக் கழற்றிக் கூடத்தில் பரப்பிவிட்டான். நமக்கு உண்டான கோபத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கண்டிக்க வாயெடுத்தோம், ஜி. டி. நாயுடுவின் நினைவு வந்து தடுத்தது.

கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு பிறந்த நாயுடு, இளமையில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார் என்பது கொங்கு நாட்டில் குழந்தைகளும் அறிந்த கதை. ஆனால் கதை சொல்பவர்கள் நடுவிலுள்ள காலத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறார்கள். கோயமுத்தூரில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்து, கூலியில் மிச்சம் பிடித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தல்லவா அவர் அந்த வண்டியை வாங்கினார்! வாங்கியதும் சவாரியோடு திருப்தியடையவில்லை. உறுப்பு உறுப்பாகப் பிரித்தார், மறுபடியும் பூட்டினார்.

நாமும் பாலியத்தில் தகப்பனாரின் கடிகாரத்தைப் பிரித்ததுண்டு. அன்று மாலைக்குள்ளேயே கைவிட்டோம். அவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் மூளையில் அல்ல, பொறுமையில்தான் என்று இப்போது தோன்றுகிறது. (நம் இல்லத்தரசி இதை ஒப்புக்கொள்ளவில்லை.)

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை அவர் தாமே ஓட்டத் தொடங்கினார். ஒன்று பலவாயிற்று. பஸ்கள் பெருகவே பட்டறையும் பெருகிற்று. யந்திரத்தைக் கண்டு அஞ்சாத தொழிலாளிகள் அங்கே பழகி வந்தார்கள். 1932-இல் பைகாராவில் மின்சார உற்பத்தி தொடங்கியது. மாடு பூட்டிக் கவலை இறைத்துவந்த கோவைக் குடியானவர்களுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. கிடைத்ததோ சீமைச் சரக்கு. மின்சாரம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தது. அதை எதிர்கொள்ளப் பழகிய கைகள் சில இடங்களில்தான் இருந்தன. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி அவர் சுதேசி மின்மோட்டாரை உருவாக்கினார். இந்நாட்டில் முதன்முதல் செய்யப்பட்ட மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. ஏதோ ஒரு நாள் திடீரென்று உதித்த யோசனை என்று அதைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அதன் கணக்கை ஹோட்டலில் இலை போட்ட நாளிலிருந்தல்லவா எழுத வேண்டும்?

நிற்க, நம் கூடத்துக்கு வருவோம். பையன் பள்ளி விட்டதும் மோட்டாரின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். ஓர் உறுப்பைக் காட்டிப் பெயர் கேட்டோம். தெரியவில்லை. ஆனால் எதன் பின் எதைக் கழற்றினான் என்பதை வரிசை தவறாமல் நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கிறான். கடிகாரத்தைப் பிரித்த அன்று இது நமக்குத் தோன்றவில்லையே!

மிஸ்திரியை அடுத்த ஞாயிறு வரை வரவேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டோம். பழைய ராட்டினமும் கயிறும் இருக்கின்றன. அதுவரை தண்ணீர் இறைப்பது நம்முடைய பொறுப்பு.