உள்ளங்கையில் ஒரு திருப்பலி



இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதம் நிறைவடைகின்றது. திருவருகைக் காலம் நம்மை நெருங்கி வருகின்றது. இந்நாள்களில் என் உள்ளத்தை விட்டகலாத ஓர் உரையாடலை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சில வாரங்களுக்கு முன், எந்தச் சூழ்நிலையிலும் நன்றியுள்ளவர்களாய் இருக்கத் தூய பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய அறிவுரையைக் குறித்து மறையுரை ஆற்றினேன். திருப்பலிக்குப் பின் ஆலய வாசலில் ஒரு தாய் காத்து நின்றார். அவருடைய கணவர் இறந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

"சுவாமி, நான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறன். ஆனா அவரைக் கொண்டுபோனதுக்கு என்னால நன்றி சொல்ல ஏலாது. அது பாவமோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, பாவமில்லை" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அன்றிரவு என் மறையுரைக் குறிப்பை மீண்டும் வாசித்தேன். துன்பமும் இறைவனின் கொடையே என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்! துயரத்தில் இருப்பவர் காதில் அச்சொல் எப்படி விழும் என நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பவுல் கேட்பது வேறு. எல்லாச் சூழ்நிலை'யிலும்' நன்றி கூறச் சொல்கின்றாரே அன்றி, தீமையை நன்மை என்று அழைக்கச் சொல்லவில்லை. யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இலாசரின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டு அழுதார். அதே கல்லறையின் முன் நின்று, இலாசர் வெளியே வருவதற்கு முன்னரே, தந்தைக்கு நன்றி கூறினார். கண்ணீரும் நன்றியும் ஒரே இடத்தில், ஒரே இதயத்திலிருந்து வந்தன. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை.

இதை வாழ்ந்து காட்டியவர் வியட்நாம் நாட்டின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். 1975 ஏப்ரலில் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசுரிமை பெற்ற இணைப் பேராயராக நியமிக்கப்பட்டார். சில நாள்களில் அந்நகரம் வீழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா நாளில், கைது செய்யப்பட்டார். விசாரணையோ தீர்ப்போ இல்லாமல் 13 ஆண்டுகள் சிறைவாசம். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

மாற்றுடையும் பற்பசையும் கேட்டு எழுத அனுமதி கிடைத்தபோது, வயிற்று நோவுக்குச் சிறிது மருந்தும் கேட்டார். இறைமக்கள் புரிந்துகொண்டனர். மருந்து என்று எழுதிய சிறு குப்பியில் திராட்சை இரசத்தை அனுப்பிவைத்தனர். மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர், உள்ளங்கையே திருக்கிண்ணம். இவ்வாறு சிறையிலே திருப்பலி நிறைவேற்றினார். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் பொருள் நன்றி செலுத்துதல் என்பதை நாம் அறிவோம். இயேசுவும் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தான் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார்.

1988 நவம்பர் 21இல் அவர் விடுதலையானார். ஆனால் தம் மறைமாவட்டத்தில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவேயில்லை. தாய்மண்ணைப் பிரிந்து உரோமையில் வாழ்ந்து, 2002இல் அங்கேயே இறந்தார். புலம்பெயர்ந்த நமக்கு அவருடைய இந்த இழப்பை விளக்கத் தேவையில்லை. 2017இல் திரு அவை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

நம் திருவிவிலியம் 'எதிர்நோக்கு' என்னும் அழகிய சொல்லைக் கையாள்கின்றது. எல்லாம் விரைவில் சரியாகிவிடும் என்ற கணிப்பு அன்று அது. சரியாகாத நாளிலும் கடவுள் வரும் திசையை நோக்கி முகத்தைத் திருப்பி வைத்திருப்பது. வான் துவான் விடுதலை நாளுக்காகக் காத்திருந்து காலத்தைக் கழிக்கவில்லை. கையிலிருந்த அந்தந்த நாளை அன்பினால் நிரப்பத் தீர்மானித்தார். காவலர்களோடும் நட்புக் கொண்டார்.

கடந்த ஞாயிறன்று அந்தத் தாயிடம் இவற்றைச் சொன்னேன். என் மறையுரைக்காக மன்னிப்பும் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின், "அவரோட வாழ்ந்த 41 வருசத்துக்கு நான் நன்றி சொல்லலாம்தானே, சுவாமி?" என்றார். நான் ஆற்றிய மறையுரையைவிட அது சிறந்த மறையுரை.

அன்புக்குரியவர்களே, வேலையிழந்தோர், நோயுற்றோர், வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்போர், ஊரில் பெற்றோரை அடக்கம் செய்யப் போக முடியாமற்போனோர் பலர் நம் நடுவே உள்ளனர். கடவுளிடம் பொய் சொல்லாதீர்கள். அழவேண்டியதற்கு அழுங்கள். ஆயினும் உறங்கப் போகுமுன், அன்றைய நாளில் உண்மையாகவே நன்றி சொல்லக்கூடிய ஒன்றையாவது தேடிப் பாருங்கள். மூன்று துளிகள் போதும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.